கடல் பக்கம் ஜன்னல் வைத்த அறை

இராயபுரம்,
4-11-1968

அன்புள்ள ஃப்ளோராவுக்கு,

சேசுவுக்குத் தோத்திரம். பம்பாய் போனதிலிருந்து நீ ஒரு வரிகூட எழுதவில்லை. இதை வேலைக் கடிதமாக நினைத்தாவது படி.

திருவொற்றியூர் ஆலை ஒன்றில், வேலைக்கு வரும் பெண்களின் பிள்ளைகளுக்குக் காப்பகம் கட்டப் போகிறார்கள். வரைபடம் என் பொறுப்பு. பக்கத்திலேயே கொதிகலன் புகை. எனக்குச் சுவர் எழுப்பத் தெரியும். ஆலைக் காற்றைச் சோதிக்கிறவள் நீ. நம் மகன் ஜெரோம் மூச்சுத் திணறிப் போன பிறகு, பிள்ளைகளுக்கான அறையைத் தனி ஆளாக வரையக் கை ஓடவில்லை. இடத்தின் படத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். பார்த்துச் சொல்வாயா?

அம்புரோஸ்


பம்பாய்,
18-11-1968

அன்புள்ள அத்தானுக்கு,

நலம். வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா?

கொதிகலன் மேற்கே இருக்கிறது. காலைத் தரைக்காற்று புகையைத் தொட்டில்மேல் கொண்டுவந்து கொட்டும். மேற்குச் சுவரில் திறப்பே வேண்டாம். கடல் பக்கம் பெரிய ஜன்னல்கள் வையுங்கள். பால் காய்ச்சும் கரியடுப்புக்கு வெளியே தனிக் கொட்டகை. இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். நம் வீட்டில் அடுப்புக்கும் அவன் படுக்கைக்கும் நடுவே வெறும் தட்டிதானே இருந்தது.

ஃப்ளோரா


இராயபுரம்,
9-8-1969

அன்புள்ள ஃப்ளோரா,

காப்பகம் திறந்தாயிற்று. கொட்டகை வீண்செலவு என்றார் மேனேஜர். "அப்படியானால் வரைபடத்தில் என் கையெழுத்து இருக்காது" என்றேன். முணுமுணுத்துக்கொண்டே ஒப்புக்கொண்டார். ஆயா குப்பம்மாகூடச் சிரித்தாள்: "இன்னா சார், பால் காச்சறதுக்குத் தனியா ஒரு வூடா?"

நீ வந்து பார்க்க வேண்டும். நம் வீட்டிலும் அடுப்பைப் பின்கட்டுக்கு மாற்றிவிட்டேன். வந்துவிடேன், ஃப்ளோரா.

உன் அம்புரோஸ்


பம்பாய்,
2-10-1969

அன்புள்ள அத்தானுக்கு,

போன வாரம் அலுவலக வேலையாகச் சென்னை வந்திருந்தேன். உங்களிடம் சொல்லவில்லை. திருவொற்றியூர் போய் அந்த அறையின் காற்றைச் சோதித்தேன். சுத்தமாக இருக்கிறது. "ஒண்ணுகூட இருமறதில்லம்மா. நல்லா தூங்கிகினு கீதுங்க பாரு" என்றாள் குப்பம்மா.

ஜெரோம் வயதில் ஒரு பையன் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தான். அவன் மார்பு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு இராயபுரம்வரை பஸ்ஸில் வந்தேன். நம் தெருமுனையில் இறங்காமல் அதே பஸ்ஸில் போய்விட்டேன்.

உங்கள்மேல் எனக்குக் கோபமில்லை, அத்தான். அந்தப் புகையில் நானும்தான் சமைத்தேன். ஆனால் அந்த வீட்டுக்குள் என்னால் மூச்சு விட முடியாது. இங்கேயே வேலை நிரந்தரமாகிவிட்டது.

இன்னும் எத்தனையோ ஆலைகளில் பிள்ளைகள் இருக்கிறார்கள். வரைபடங்களை அனுப்புங்கள், உடனே பார்த்துத் தருகிறேன். வீட்டுக்கு வா என்று மட்டும் எழுத வேண்டாம்.

ஃப்ளோரா