வளைவில் மூணு இஞ்சு

ராஜபாளையம்,
ஞாயிறு சாயங்காலம்

அன்பு மகள் ஜெயசித்ராவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. கர்த்தருடைய கிருபையால் முழங்கால் வலி தவிர எனக்குச் சுகம், ரயில் தவிர உன் அப்பாவுக்கும் சுகம். நீயும் மாப்பிள்ளையும் அந்த ஜெர்மனிக் குளிரில் எப்படி இருக்கிறீர்களோ என்று தினமும் ஜெபத்தில் நினைத்துக்கொள்கிறேன். போனில் பேசினால் உன் அப்பா பக்கத்திலேயே காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறார், அதனால்தான் கடிதம். இங்கே நல்ல மழை, அய்யனார் கோவில் அருவிக்கு ஆள் விடவில்லையாம். ஸ்ரீவில்லிபுத்தூர் சித்தி மகளுக்கு பேங்கில் வேலை கிடைத்திருக்கிறது, கூப்பிட்டு ஒரு வார்த்தை பேசிவிடு.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஓய்வு பெற்ற மனுஷன் வாசலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாரே என்று நீ பொம்மை ரயில் அனுப்பினாய், நல்ல காரியம்தான். அது ஒன்று இரண்டாகி, உன் அறைக் கட்டிலை வெளியே தள்ளி, அறை நிறைய மேசை போட்டு, இரட்டைப் பாதையும் ஆகிவிட்டது. வீட்டில் ஏசி இருப்பது அந்த ஓர் அறையில்தான். தலைக் கிறிஸ்துமஸுக்கு வருகிற மாப்பிள்ளையை எங்கே படுக்கவைப்பது? நான் கறாராகச் சொல்லிவிட்டேன், போன ஞாயிறு ஆராதனை முடிந்து வந்ததும் இரண்டு ரயிலும் எதிரெதிரே ஓடி உரசாமல் தாண்ட வேண்டும், உரசினால் மேசை பெலிக்ஸ் வீட்டுக் குடோனுக்கு, கட்டில் உள்ளே. பெலிக்ஸை உனக்குத் தெரியும், சத்திரப்பட்டியில் அப்பாவோடு பேண்டேஜ் தறியில் இருந்தவர்.

இரண்டு பாதைக்கும் நடுவே வளைவில் கூடுதலாக இடம் விடுங்கள் என்று நீ போனிலேயே சொன்னாய். கேட்டாரா? எனக்கா அளவு சொல்லிக் குடுக்கா என்று, ரெண்டு இஞ்சு அகல பேண்டேஜ் துணியை மேசையைச் சுற்றி விரித்து, இந்த ஓரத்தில் ஒரு பாதை, அந்த ஓரத்தில் ஒரு பாதை என்று ஆணி அடித்துவிட்டார். நேராகப் போகிற இடத்தில் சரிதான். வளைவில் துணியை இழுத்து வளைத்திருக்கிறார், இழுத்தால் ஒடுங்குகிற துணி அது. முப்பது வருஷம் அந்தத் துணியோடு கிடந்த மனுஷனுக்கு இது தெரியாதா? போதாக்குறைக்கு நீளப் பெட்டிகள் வேறு, திரும்பும்போது வயிறு உள்ளேயும் மூலை வெளியேயும் துருத்துகிறது. பெலிக்ஸ் விசில் ஊதினார், அலமாரிப் பக்கத்து வளைவில் மடார், நாலு பெட்டி தரையில். விபத்து நடந்த இடத்தில் கட்டுத்துணி முன்கூட்டியே விரித்துக் கிடந்ததைப் பார்த்து நான் விழுந்து விழுந்து சிரித்தேன். சண்டைக்கு வருவார் என்று முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நின்றேன். அவரோ பெட்டிகளைப் பொறுக்கிக்கொண்டே, கொண்டு போய்யா பெலிக்ஸ், பிள்ளை வருதுல்ல, கட்டில் வேணும் என்றார். என் சிரிப்பு நின்றுவிட்டது. மறுபடி வாசலைப் பார்த்து உட்கார்ந்துவிடுவாரோ என்று பயமாகிவிட்டது. மேசையைக் கீழ வைங்க, இன்னும் ஒரு வாரம் பாப்போம் என்று நானே சொல்லிவிட்டேன்.

வளைவைப் பிடுங்கி மூணு இஞ்சுத் துணி விரித்தோம், இழுக்காமல் இருக்க ஓரத்தைப் பிடித்துக்கொண்டது நான்தான். வெளிப்பாதை தள்ளிப் போனதில் மேசை போதவில்லை, ஒரு பலகை ஒட்டுப் போட்டாகிவிட்டது, இப்போது கதவு பாதிதான் திறக்கும். நேற்று மீன் கழுவிக்கொண்டிருந்தேன், ஏட்டி கிருபா, இங்க வந்து பாரு என்று ஒரே சத்தம். ஓடினேன். அதே வளைவில் இரண்டும் ஒரு விரல் இடைவெளியில் ஒன்றையொன்று தாண்டிப் போயின. அவர் முகத்தைப் பார்த்தேன், எனக்குக் கண் நிறைந்துவிட்டது, மீன் கையால் துடைக்கவும் முடியவில்லை.

ஆகையால் கட்டில் உள்ளே வராது. மேசைக்கு அடியில் இரண்டு பேர் மெத்தை தாராளமாகக் கொள்ளும், நான் படுத்தே பார்த்துவிட்டேன், ஏசிக் காற்றும் நன்றாக வருகிறது. மாப்பிள்ளையிடம் நீதான் பக்குவமாகச் சொல்ல வேண்டும், சம்பந்தியம்மாவுக்குத் தெரிய வேண்டாம். வழியெல்லாம் கர்த்தர் உங்களோடு இருக்கட்டும், நேரத்துக்குச் சாப்பிடு. வரும்போது இரண்டு ரயில் பெட்டி வாங்கி வா, குட்டையாகப் பார்த்து வாங்கு. முக்கியமானதை மறந்துவிட்டேனே, மாப்பிள்ளை உயரமானவர், காலையில் சட்டென்று எழுந்து உட்கார வேண்டாம் என்று சொல்லிவை, வளைவு சரியாக அவர் தலைக்கு மேல்தான் இருக்கிறது.

உன் அன்பு அம்மா,
கிருபாபாய் தனுஷ்கோடி