மறுபடி நீட்டிய இடக்கை

அன்பு மனைவிக்கு,

முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம்.

குத்துச்சண்டைக்கு முன் நம் சாம்பியனுக்கு நான் கையுறைக்கு அடியில் துணியால் கைக்கட்டு போடும்போது எப்போதும் இடக்கைதான் முதலில். நேற்று பயிற்சிக்கு முன் அதைக் கட்டி முடித்ததும், மறுபடி அதையே நீட்டினார்.

“இது கட்டியாச்சே, தம்பி.”

“தூங்குறீங்களான்னு பார்த்தேன், பெரியவரே!” என்று சிரித்தார். நானும் சிரித்தேன். ஆனால் அதற்குமுன் ஒரு கணம், யாருடைய கையோ என்பதுபோல் அதைப் பார்த்தாரே?

போன சண்டையில் தலையில் நிறைய அடி. மருத்துவரிடம் சொன்னால் வரப்போகும் சாம்பியன் பட்டப் போட்டி நின்றுவிடும். அவர் கை நீட்டியது வெறும் கேலிக்கென்றால், அவர் பிழைப்பில் மண்ணைப் போட்டவனாவேன். சொல்லாவிட்டால், அடுத்த அடியை எப்படித் தாங்குவார்?

என் பழைய கண்ணாடியை அனுப்பு. புதியதில் பார்த்தது சரிதானா என்று எனக்கே சந்தேகம். நீ பக்கத்தில் இருந்தால் கேட்டிருப்பேன்.

இதோ, மருத்துவர் வந்துவிட்டார். சொல்லிவிடுவேன் என்றுதான் நினைக்கிறேன்.