எல்லைக்கல்லைத் தாண்டிய மணல் மூட்டைகள்

எர்லவார்ட்,
மார்ச் 19

அன்பு மகள் லீஸ்கேவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் நன்றாக இருக்கிறோம், வீட்டுக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை. நீயும் மாப்பிள்ளையும் பிள்ளையும் கனடாக் குளிரில் நோய் நொடி இல்லாமல் இருக்க வேண்டும். ஃபோன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். ஃபோனில் நான் இரண்டு வார்த்தை சொல்வதற்குள் நீ அழ ஆரம்பித்துவிடுகிறாய், தாளில் யாரும் குறுக்கே பேச முடியாது, அதனால்தான். அப்பாவுக்கு இடுப்பு ஆபரேஷன் செய்த இடம் ஆறிவிட்டது. கைத்தடி இல்லாமல் கோழிக்கூண்டுவரை போய் வருகிறார், நான் பார்த்தால் மட்டும் நொண்டுகிறார்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். செய்தியில் என் படத்தைப் பார்த்துவிட்டு, "அறுபத்தெட்டு வயசுல மணல் மூட்டையைத் தூக்கிட்டு அடுத்த நாட்டுக்குள்ள போக உனக்கு என்னம்மா வந்துச்சு"ன்னு கேட்டாயே, என்ன நடந்தது என்று முதலிலிருந்து சொல்கிறேன், பிறகு தீர்ப்புச் சொல். ஜனவரி மூன்றாம் ஞாயிறு, ரைன் ஆறு கரையின் முக்கால் உயரத்துக்கு நின்றது. என் கரைக்காவல் முறை முடிந்து காலையில் பட்டாணி சூப் அடுப்பில் ஏற்றியிருந்தேன். ஜெர்மன் பக்கத்துக் கரையைக் கவனிக்கிற ஏவால்ட் ஃபோன் செய்தான். அவன் குரல் எப்போதும் ஆடாது, அன்றைக்கு ஆடியது. "ட்ரூஸ், பேரிக்காய்த் தோப்புக்குப் பின்னால கரையடியில ஊத்து கிளம்பியிருக்கு, தண்ணி கலங்கலா வருது"ன்னு சொன்னான். உனக்குத் தெரியும், கரைக்கு அடியில் கசிகிற தண்ணீர் தெளிவாக வந்தால் பயமில்லை, கலங்கி வந்தால் கரைக்கு உள்ளேயிருக்கும் மணலை அரித்துக்கொண்டு வருகிறது என்று அர்த்தம். அவனுடைய ஆட்களும் தீயணைப்பு வண்டியும் ஆற்றின் மேல்பக்கம் வேறு ஓர் இடத்தில் மாட்டிக்கொண்டிருந்தார்கள், வந்துசேர இரண்டு மணி நேரம் ஆகும் என்றான்.

உடனே நம் கரை வாரியத்தின் பிரிவுப் பொறுப்பாளரைக் கூப்பிட்டேன். நல்ல பையன்தான், போன வருஷம் வேலைக்கு வந்தவன். "அம்மா, அது ஜெர்மனி. நம்ம மூட்டை நம்ம கரைக்குத்தான். அவங்க எழுதிக் கேக்கணும், மேலேயிருந்து உத்தரவு வரணும்"னு சொன்னான். ஞாயிற்றுக்கிழமை மேலே யார் இருக்கிறார்கள் என்று கேட்டேன், தேடிக்கொண்டிருக்கிறேன் என்றான். சரி, அந்தக் கரை உடைந்தால் தண்ணீர் எங்கே வரும் என்று கேட்டேன். "உங்க அடுப்படிக்கு"ன்னு சொன்னான், பொய் சொல்லத் தெரியாதவன். "அப்ப சரி தம்பி, என் அடுப்படியைக் காப்பாத்திக்க நான் போறேன், நீ உத்தரவைத் தேடிட்டு இரு"ன்னு சொல்லி ஃபோனை வைத்துவிட்டேன். கரைக்காவலர் என்பதால் மூட்டைக் கிடங்கின் சாவி என்னிடம்தான் இருந்தது. பெர்ட்டுஸ் மாமா டிராக்டரையும் வண்டியையும் கொண்டுவந்தார். தெருவில் ஒன்பது பேர் கேள்வி கேட்காமல் ஏறினார்கள், மாதா கோயிலுக்குப் போகக் கிளம்பியிருந்த இரண்டு பேர் நல்ல ஷூவோடு ஏறினார்கள். அப்பா வண்டிக்குப் பின்னால் நின்றுகொண்டு, "என்னை விட்டுட்டுப் போறியா"ன்னு கத்தினார். சூப்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னேன்.

எல்லை என்று அங்கே என்ன இருக்கிறது, புல்லுக்குள் ஒரு கல். அதைத் தாண்டியபோது பெர்ட்டுஸ் மாமா தொப்பியைத் தூக்கி, "இனிமே நாம கடத்தல்காரங்க"ன்னு சொன்னார், யாரும் சிரிக்கவில்லை. ஊற்று சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு இருந்தது, உலை மாதிரி கொதித்துக்கொண்டிருந்தது, சுற்றிலும் சாம்பல் நிற மணல் குவிந்துகிடந்தது. அதை அடைக்கக் கூடாது மகளே, அடைத்தால் பக்கத்தில் இன்னொன்று கிளம்பும். சுற்றிக் கிணறு மாதிரி மூட்டை அடுக்கித் தண்ணீரை உயர விட வேண்டும், அந்த எடையே மணலை அழுத்திப் பிடிக்கும். ஏவால்டும் அவன் ஊர்க்காரர்கள் ஆறு பேரும் கை மாற்றிக் கொடுக்க நாங்கள் அடுக்கினோம். முழங்கால்வரை பனித்தண்ணீர். ஒரு கட்டத்தில் என் கால் இருக்கிறதா என்றே தெரியவில்லை. அவனுக்கும் எனக்கும் நடுவிலேயே சண்டை வந்தது, நான் வளையத்தைப் பெரிதாகப் போடச் சொல்கிறேன், அவன் சின்னது போதும் என்கிறான். "இது என் கரை"ன்னு அவன் கத்த, "உடைஞ்சா என் வீடு"ன்னு நான் கத்த, கடைசியில் பெரிதாகத்தான் போட்டோம். மூன்றாவது அடுக்கு ஏறியபோது கலங்கல் குறைந்தது. ஐந்தாவது அடுக்கில் தண்ணீர் தெளிந்துவிட்டது. ஏவால்ட் ஒரு கை தண்ணீரை அள்ளி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான், என் தோளில் இரண்டு தட்டுத் தட்டினான். அதன் பிறகுதான் தீயணைப்பு வண்டி வந்தது.

எங்கள் மேல் தப்பே இல்லை என்று நான் சொல்லவில்லை. திரும்பும்போது பெர்ட்டுஸ் மாமா அவசரத்தில் ஊறிய கரையின் மேலேயே நாற்பது மீட்டர் டிராக்டரை ஓட்டிவிட்டார், சக்கரத்தடம் முழங்கை ஆழம். அது பெரிய தப்பு, தண்ணீர் வடிந்ததும் போய் நாங்களே மண் போட்டு இடித்துக் கெட்டியாக்கிச் சரிசெய்தோம். ஆனால் போனது தப்பு என்று எவன் சொன்னாலும் ஒத்துக்கொள்ள மாட்டேன். பிப்ரவரியில் வாரியத்தில் கூப்பிட்டார்கள். மேஜைமேல் ஒரு தாள். அனுமதியில்லாமல் மூட்டைகளை எடுத்தேன் என்பது முதல் வரி, இனிமேல் அப்படிச் செய்ய மாட்டேன் என்பது இரண்டாவது வரி. முதல் வரி உண்மை. இரண்டாவது வரியைப் பேனாவால் அடித்துவிட்டுக் கீழே கையெழுத்துப் போட்டேன். அங்கிருந்த பெரியவர், "தாளை இப்படித் திருத்த உங்களுக்கு உரிமையில்ல மேடம்"னு சொன்னார். "அடுத்த தடவை ஊத்து கிளம்பினா எந்த நம்பருக்குக் கூப்பிடணும்னு எழுதிக் கொடுங்க, நான் ஏன் போகப்போறேன்"னு கேட்டேன். அப்படி ஒரு நம்பரே கிடையாது லீஸ்கே! ஒரே கரை, ஒரே ஆறு, இரண்டு பக்கமும் இத்தனை அலுவலகம், ஞாயிற்றுக்கிழமை ஒருவரையொருவர் கூப்பிட ஒரு நம்பர் இல்லை. என் கரைக்காவல் சட்டையையும் சாவியையும் வாங்கிக்கொண்டார்கள்.

அடுத்த வாரம் ஊர்க்கூட்டம். பின்வரிசையில் கதவு திறந்து ஏவால்டும் அவன் ஊரிலிருந்து பத்தொன்பது பேரும் வந்து உட்கார்ந்தார்கள், யாரும் அழைக்கவில்லை. ஏவால்ட் எழுந்து, எல்லைக்கு இரண்டு பக்கமும் பேசுகிற நம்முடைய நாட்டுப்புறப் பேச்சிலேயே, "இவங்க வரலேன்னா இன்னைக்கு இந்த மண்டபத்துல மீனுதான் உக்காந்திருக்கும்"னு சொன்னான். கூட்டத்துக்கு வந்திருந்த வாரியத்துப் பெரியவரே சிரித்துவிட்டார். அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. இரண்டு வாரியமும் சேர்ந்து ஒரே அவசர நம்பர் வைத்துவிட்டார்கள், எல்லைக்கல்லுக்குப் பக்கத்திலேயே பொதுக்கிடங்கு கட்டுகிறார்கள், சாவி இரண்டு பக்கமும் இருக்கும், உத்தரவு கேட்க வேண்டாம். என் சட்டையை மட்டும் திருப்பித் தரவில்லை, கௌரவம் தடுக்கிறது போலிருக்கிறது. ஏவால்ட் தங்கள் பக்கத்துக் கரைக்காவலில் என் பேரைப் பதிந்துவிட்டான். இப்போது நான் ஜெர்மன்காரர்களின் ஆரஞ்சுச் சட்டை போட்டுக்கொண்டு அந்தப் பக்கம் இரண்டு கிலோமீட்டர் நடக்கிறேன். கை நீளம் அதிகம், மடித்துவிட்டிருக்கிறேன்.

வீட்டை விற்றுவிட்டு மேட்டுப்பக்கம் போங்கள் என்று இனிமேல் எழுதாதே. தொண்ணூற்று ஐந்தில் ஊரையே காலிசெய்யச் சொன்னபோது போனோம், நீ முயல் கூண்டை மடியில் வைத்துக்கொண்டு வழியெல்லாம் வாந்தி எடுத்தாய். அப்போது கரையைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. இப்போது தெரியும், தெரிந்தவர்கள் எல்லாரும் மேட்டுக்குப் போய்விட்டால் கரையில் யார் நடப்பது? அப்பாவும் இதையேதான் சொல்கிறார், அவரைத் தனியாக ஃபோனில் பிடித்து மனத்தைக் கலைக்கப் பார்க்காதே.

ஏப்ரல் பதினான்காம் தேதி இரண்டு நாடும் சேர்ந்து முதல் வெள்ளப் பயிற்சி. பட்டியல் வந்திருக்கிறது, அறுபத்தைந்து தாண்டியவர்களையெல்லாம் வெள்ளத்தில் சிக்கி மீட்கப்பட வேண்டியவர்கள் என்று போட்டிருக்கிறார்கள். என் பேருக்கு நேராக "கூரைமேல் காத்திருப்பவர்" என்று இருக்கிறது. நான் கூரை ஏற மாட்டேன் என்று பதில் எழுதிவிட்டேன், மூட்டை வரிசையில் ஏவால்டுக்கு எதிரே நிற்பேன், முடிந்தால் வந்து தூக்கிக்கொண்டு போகட்டும்.

கடவுள் உங்கள் மூன்று பேரையும் காப்பாற்றட்டும். பிள்ளைக்குக் கம்பளிக் காலுறை தனியாக அனுப்பியிருக்கிறேன், வெந்நீரில் துவைக்காதே, சுருங்கிவிடும்.

உன் பிடிவாதக்கார அம்மா,
ட்ரூஸ்