அழிக்காமல் வைத்த குரல்கள்

ஜூன் 9, திங்கள்

இன்று என் தொழில் கூட்டாளி சுமலதாவிடம் சொல்லாமல் விட்டது: சர்வர் வாடகை ஏறியதற்குக் காரணம் நான்.

நான்கு மாதத்தில் இரண்டு மடங்கு. கம்பெனி வேலைக்கு வருகிறவர்களுக்கு மத்திகிரியில் வாடகை வீடு காட்டும் எங்கள் செயலியை எழுதித் தருவது அத்திபள்ளியில் ஒரு சிறு நிறுவனம். சர்வரும் அவர்கள் பொறுப்புதான்; அங்கே அதைப் பார்த்துக்கொள்பவர் விமல்ராஜ். "காசு நம்மளது, அவங்களுக்கு என்ன வலிக்குது? அந்த விமல்ராஜை மாத்தச் சொல்லிடலாம் ஜைபா," என்றாள். தலையாட்டினேன். ஏன் ஆட்டினேன்?

ஜூன் 10

பிப்ரவரியில் விமல்ராஜிடம் சொன்னேன், வீட்டுக்காரர்களின் குரல்பதிவு எதையும் அழிக்க வேண்டாம் என்று. அவர் தினமும் எல்லாவற்றையும் முழுதாக ஒரு நகல் எடுத்து, எந்த நகலையும் அழிக்காமல் சர்வரில் குவித்து வைத்திருக்கிறார். ஃபோனில் கேட்டேன்.

"நீங்கதான மேடம் எதையும்னு சொன்னீங்க. திரும்பக் கேட்டா கோவிச்சுக்குவீங்கன்னு விட்டுட்டேன்."

ஜூன் 12

பழைய பதிவுகளைக் கேட்டுக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரர்கள் பலருக்கு எழுத வராது. தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து பேசுவார்கள். முதல் வருடம் நாங்கள் இருவரும் டவுன் பஸ்ஸில் போய், வீட்டைப் பற்றி அவர்களையே பேசவைத்துப் பதிந்து செயலியில் போட்டோம். மங்கம்மா சொல்கிறார்: "ரெண்டு ரூமு, தண்ணி இருக்குது. பசங்கன்னாலும் பரவால்ல, பிரியாணி ஆக்குனா எங்களுக்கும் ஒரு கிண்ணி வரணும்." பின்னால் சுமலதா சிரிக்கிறாள். இப்போது அப்படிச் சிரிப்பதில்லை. நானும்தான்.

அந்த வீடுகளுக்கு எப்போதோ ஆள் வந்துவிட்டது. பதிவுகள் யாருக்குத் தேவை? எனக்கு.

ஜூன் 13

விமல்ராஜை நீக்கச் சொல்லி சுமலதா மெயில் எழுதி வைத்திருக்கிறாள். நாளை அனுப்புவாளாம். அவருக்கு அங்கே எங்கள் வேலை மட்டும்தான். இது போனால் வீட்டுக்குத்தான்.

ஜூன் 14

சொல்லிவிட்டேன். ஜூஜுவாடி டீக்கடையில், லாரி சத்தத்தில், இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது.

"அஞ்சு நாளா அவனைத் திட்டிட்டு இருக்கேன். நீ பக்கத்துல உக்காந்து பன்னு தின்னுட்டு இருந்த."

மெயிலை அழித்தாள். பஸ்ஸில் வேறு சீட்டில் உட்கார்ந்தாள்.

ஜூன் 30

இனி கடைசி ஏழு நாள் நகல் மட்டும். ஆள் வந்துவிட்ட வீடுகளின் குரல்கள் நீக்கப்பட்டன. வேண்டியதை முதலில் என் ஃபோனில் இறக்கிக்கொண்டேன். நாற்பது நிமிடம் — இவ்வளவுதானா?

ஆகஸ்ட் 4

பில் பழைய அளவுக்கு இறங்கிவிட்டது. விமல்ராஜ் வேலையில் இருக்கிறார். சர்வர் கணக்கை எங்கள் பெயருக்கு மாற்றியாயிற்று. கடவுச்சொல் சுமலதாவிடம் மட்டும் இருக்கிறது.