மூன்று ரிங்கோடு நிற்கும் போன்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் நோய்நொடி இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்பிக்கொண்டு எழுதுகிறேன், இங்கேயும் உடம்பளவில் எல்லோரும் சுகம்தான், மனசைக் கேட்காதே. எழுத்து கோணலாக இருந்தாலும் கடைசிவரை படி, பாதியில் வைத்துவிட்டு வேலைக்கு ஓடிவிடாதே.

வீட்டுக்கு இன்டர்நெட் போன் வந்துவிட்டது. உன் அண்ணன் மூன்று கம்பெனிக் காகிதங்களை மேஜையில் பரப்பி ஒரு வாரம் அலசினான், எதில் பேச்சு தெளிவு, எதில் வெளிநாட்டுக்கு இலவசம் என்று எல்லாம் பார்த்தவன் நம்பரைப் பற்றிக் கவலைப்படவில்லை. பழைய நம்பரையே புதுப் பெட்டிக்கு மாற்றித் தருவார்களாம். "அந்த நம்பருக்கு யாரு பண்றா, ராங் கால்தான் வருது" என்றாள் உன் அண்ணி. கல்யாணமாகி வந்த மூன்றாம் நாள் என் கண்ணாடியை மிதித்துவிட்டுப் பூனை மேல் பழி போட்டவள்தானே, நான் மறக்கவில்லை.

யார் பண்ணுகிறார்கள் என்று உனக்கு மட்டும் சொல்கிறேன். உன் தம்பி சுண்டு பண்ணுகிறான். பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒரு வியாழக்கிழமை, சாப்பாட்டுத் தட்டு முன்னால் உட்கார்ந்திருந்தவனை உன் அண்ணன் அறைந்தானே, அன்றைக்குச் செருப்புகூடப் போடாமல் போனவன். அந்தப் போன் வந்த புதிதில் நீங்கள் எங்கே போனாலும், போய்ச் சேர்ந்ததும் மூன்று ரிங் விட்டு வைத்துவிடுவீர்களே, அதையேதான் செய்கிறான். இரண்டு மாசத்துக்கு ஒரு தடவை, எல்லோரும் வேலைக்குப் போன பிறகு அடிக்கும், மூன்றோடு நிற்கும். நான் எடுப்பதில்லை. எடுத்தால் பேச வேண்டுமே என்று பயந்து அவன் அதையும் நிறுத்திவிட்டால் என்ன செய்வேன். எங்கேயோ உயிரோடு இருக்கிறான், அது போதும் என்று இருந்தேன்.

போன மாசம் மூன்று நாள் தொடர்ந்து அதேபோல் அடித்து நின்றது. பிள்ளை கிட்டே வந்துவிட்டான் என்று அவன் சட்டைகளை எல்லாம் எடுத்துத் துவைத்து மடித்து வைத்தேன். அவன் இல்லையடி, கம்பெனிக்காரன். பழைய நம்பரைப் புதுப் பெட்டிக்கு மாற்ற அந்தப் போனை எடுத்து யாராவது சரி என்று சொல்ல வேண்டுமாம். மூன்று நாளும் பக்கத்திலேயே உட்கார்ந்து எடுக்காமல் விட்டவள் நான்தான். ஆள் இல்லை என்று புது நம்பர் கொடுத்துவிட்டார்கள். பழைய போன் செத்துக் கிடக்கிறது.

கம்பெனி ஆபீசுக்கு நானே நடந்து போய்க் கெஞ்சினேன். "லைனை வெட்டியாச்சு பாட்டி, இனிமே யாரு பேர்ல இருக்கோ அவங்கதான் கேக்கணும், இந்த மாசம் போச்சுன்னா வேற ஆளுக்குக் குடுத்துருவாங்க" என்றாள் கவுண்டரில் இருந்த பெண். அது உன் பெயரில் இருக்கிறது, நீ முதன்முதலாக வேலைக்குப் போனபோது போட்ட போன். புதுப் போனிலேயே உன்னைக் கூப்பிட்டுச் சொல்லியிருப்பேன், அது கூடத்தில் உன் அண்ணன் நாற்காலியை ஒட்டி இருக்கிறது, சுண்டு பேரை எடுத்தாலே போனை உடைப்பேன் என்பவன் அவன்.

கடிதம் கிடைத்த அன்றைக்கே கம்பெனிக்குப் பேசு, ஆபீஸ் நம்பரைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். அப்பா செத்ததற்கு வந்து இரண்டே நாளில் கிளம்பினாயே, அதை நான் இதுவரை கேட்டதில்லை. இதைச் செய்துவிடு, சாகும்வரை கேட்க மாட்டேன்.

நீங்கள் மூன்று பேரும் குறைவில்லாமல் வாழ வேண்டும், பேத்தியின் கன்னத்தில் என் முத்தத்தை வை. ஒன்றே ஒன்று, நம்பர் திரும்பக் கிடைத்ததும் நீ கூப்பிட்டால் நாலாவது ரிங்கும் அடிக்க விடு, அப்புறம்தான் எடுப்பேன். மூன்றோடு வைத்துவிடாதே, இன்னொரு தடவை ஏமாற என்னால் முடியாது.

இப்படிக்கு,
போன் பக்கத்திலேயே இருக்கும்
உன் அம்மா