தண்ணீர் குடிக்காத அம்மா

ஜூலை 9, புதன்

புழுக்கம். கடல் பக்கமிருந்து காற்றே இல்லை. வேதியியல் பாதியில் நிற்கிறது.

அம்மாவுக்கு இந்த மாதமும் ரத்தப்போக்கு நிற்கவில்லை. காசிமேட்டில் மீன் எடுத்துக் கூடையைத் தூக்கும்போது தலை சுற்றி உட்கார்ந்துவிட்டாளாம். சுகாதார நிலைய நர்ஸ் அக்கா அடிவயிற்று ஸ்கேன் எடுக்கச் சொல்லி ஒரு மாதம் ஆகிறது. சாயங்காலம் அம்மா மீன் விற்கிற இடத்துக்கே போய் மறுபடி சொன்னேன்.

"ஸ்கேன்னா புள்ளதாச்சிக்கு எடுக்கறது. எனக்கு இன்னாத்துக்குடி?"

பக்கத்தில் இறால் விற்கிற தேசம்மா அத்தை: "போயேன். இவளுக்கு ஒரு தம்பி கீறானான்னு பாத்துகினு வா."

எல்லோரும் சிரித்தார்கள். அம்மாவும். நூலகப் புத்தகத்தில் இப்படி ரத்தம் போவதற்கான காரணங்கள் ஒரு பக்கம் முழுக்க இருந்தன. கடைசிக் காரணத்தை இங்கே எழுதமாட்டேன்.

ஜூலை 10, வியாழன்

சுகாதார நிலையத்துக்கு ஸ்கேன் டாக்டர் வருவது வியாழன் மட்டும். பள்ளிக்கு மட்டம். கெஞ்சி, சண்டை போட்டு, அழைத்துப் போனேன்.

சிறுநீர்ப்பை நிறைந்திருந்தால்தான் கர்ப்பப்பை தெளிவாகத் தெரியுமாம். வழியெல்லாம் தண்ணீர் குடிக்க வைத்தேன். அம்மாவுக்கு அது பழக்கமே இல்லை. தெருவோரம் மீன் விற்கிற பெண்களுக்கு ஒதுங்க இடம் கிடையாது. அதனால் வியாபாரம் முடிகிறவரை வாயை நனைப்பதோடு சரி.

அம்மா படுத்தாள். டாக்டர் திரையைப் பார்த்தார். "யூரின் போயிட்டீங்களா?"

"ஆமாம்மா. இங்க பாத்ரூம் சுத்தமா கீது. தாப்பா கீது, கொழாயில தண்ணி வருது. உட மனசு வர்ல."

டாக்டர் சிரிக்கவில்லை. மறுபடி குடித்துவிட்டுக் காத்திருக்கச் சொன்னார். காலையில் எடுத்த மீன் கெட்டுவிடும் என்று அம்மா கிளம்பிவிட்டாள்.

குடிக்கச் சொன்னேன். போகக் கூடாது என்று சொல்லவில்லையே.

ஜூலை 14, திங்கள்

தமிழ்த் தேர்வு. பரவாயில்லை. கொடியில் புடவைக்கு அடியில் மறைத்துக் காயப்போட்ட துணிகள். நேற்றைவிட அதிகம். அம்மாவின் உதடு வெளுத்திருக்கிறது.

ஜூலை 17, வியாழன்

தூறல். அம்மா சொம்பு சொம்பாகக் குடித்தாள். பெஞ்சில் காலைப் பின்னிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "சீக்கிரம் கூப்ட சொல்லுடி, உசுரு போவுது." நடுவில் ஒரு கர்ப்பிணிக்கு மயக்கம், அவரை முதலில் உள்ளே அனுப்பினார்கள். அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். நான் கழிப்பறைக் கதவை மறித்து நின்றேன்.

பிறகு திரை. சாம்பல் நிறம், எனக்கு ஒன்றும் புரியவில்லை. டாக்டர் விரலால் காட்டினார். கர்ப்பப்பையில் கட்டி. பயப்படுகிற மாதிரித் தெரியவில்லையாம், ஆனால் பெரிய ஆஸ்பத்திரியில் காட்டியே ஆக வேண்டுமாம்.

"எத்தினி நாளா கீதும்மா அது?"

"வருஷக்கணக்கா இருக்கும்."

அம்மா கழிப்பறைக்குக்கூட ஓடவில்லை. வயிற்றில் தடவிய பசையைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தாள். பிறகு என்னிடம், மெதுவாக:

"பெரிய ஆஸ்பத்திரிக்கு என்னிக்குப் போவணும்னு கேளு. நாளைக்குன்னாலும் சரி. கூடைய எடுக்கல நானு."