ஓஸ்வால்டுக்குப் போன பாட்டில்கள்

மார்ச் 10, 2025, திங்கள்

என் கணவர் ஓஸ்வால்ட் ஆய்வில் பொய் எழுதியிருக்கிறார் என்று அவருடைய கைடு நினைக்கிறார். இன்று மதியம் கூப்பிட்டு நோட்டுப் புத்தகங்களை வாங்கி வைத்துக்கொண்டாராம்.

ஐந்து வருடம். பார்மசி கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டே, நாற்பத்தேழு வயதில், பார்ட் டைமாக மருந்து வேதியியலில் பிஎச்.டி. வலிப்பு மருந்துக்கான ஒரு மூலக்கூறை மூன்று படிக்குப் பதில் ஒரே படியில் செய்வதுதான் அவர் ஆய்வு. அவர் கையில் நூற்றுக்கு எண்பது பங்கு விளைச்சல் கிடைக்கிறது. போன வருடம் கட்டுரையாகவும் வந்தது. ஹைதராபாத்தில் ஒரு லேப் அதைப் படித்துவிட்டு இரண்டு முறை செய்து பார்த்ததாம். ஒன்பது. கைடு சிந்தியா மேடம் தன் இன்னொரு மாணவன் ஷ்ரேயாஸை விட்டுச் செய்யச் சொன்னார். பதினொன்று.

"சிந்தியா மேடம் 'ஓஸ்வால்ட், நோட்புக்க வெச்சுட்டுப் போங்க'ன்னாங்க, பியா. இத்தன வருஷத்துல சார் போடாம கூப்பிட்டது இன்னிக்குத்தான்" என்றார்.

பினாயில் பாட்டிலைப் பையில் போட்டுக்கொண்டு வீடு வீடாக ஏறி, இன்று லேபுகளுக்குக் கெமிக்கல் விற்கிற கடை வைத்திருப்பவள் நான். செக் திரும்பி வருமா என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன். இந்த ஆளுக்குப் பொய் எழுத வராது. அப்படியானால் எண்பது எங்கிருந்து வந்தது?

மார்ச் 11

அவர் சாப்பிடவில்லை. இரண்டு வாய் சாப்பிடுங்க என்று நானும் சொல்லவில்லை.

மார்ச் 13

சரக்கு சரியில்லை என்று யாராவது போன் செய்தால் நான் மூன்றே கேள்வி கேட்பேன். யார் பிரித்தது, எதில் ஊற்றியது, எங்கிருந்து வந்தது. இன்று அவரையும் அப்படியே கேட்டேன்.

"எல்லாம் ஒண்ணுதான். அதே எடை, அதே சூடு, அதே எம்.டி.சி."

எம்.டி.சி. என்பது அவர்கள் எல்லாவற்றையும் கரைக்கிற திரவம். என் கடையில் அதிகம் ஓடுவதும் அதுதான்.

"ஷ்ரேயாஸ் யாரோட எம்.டி.சி. எடுத்தான்?"

"காலேஜ் ஸ்டோர் பாட்டில். நான் நீ குடுத்தனுப்புற பாட்டில். ஸ்டோருக்கும் நீதானே சப்ளை? ஒரே கம்பெனி, ஒரே லேபிள்."

பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தேன். கை நின்றுவிட்டது. அவர் கவனிக்கவில்லை.

மார்ச் 14

ஒரே லேபிள்தான். உள்ளே ஒன்றில்லை.

ஸ்டோருக்குப் போவது கம்பெனி சீல் உடையாத பாட்டில். ஓஸ்வால்டுக்குப் போவது ட்ரம்மிலிருந்து பிடித்த லூஸ் சரக்கு, கழுவிய பழைய பாட்டிலில். வீட்டு ஆளுக்கு எதற்கு சீல் பாட்டில்? ஐந்து வருடமாக அப்படித்தான். அவரிடம் சொல்லத் தோன்றியதே இல்லை. சீல் இல்லாததை, கடையிலேயே பிரித்துக் கொடுக்கிறோம் என்று அவர் எடுத்துக்கொண்டிருப்பார். சொல்ல என்ன இருக்கிறது என்றுதான் நினைத்திருந்தேன்.

கடையில் பாட்டில் கழுவுவது தனக்கோடி. என்னைவிட மூத்தவள். எப்படிக் கழுவுகிறாய் என்று கேட்டேன்.

"தண்ணில ரெண்டு தடவ. அப்பறம் மெத்தனால் ஊத்தி ஒரு அலசு. கவுத்து வெச்சு ஓவன்ல காய வெப்பேன்."

"சார் பாட்டிலயுமா?"

"அதுக்கு எங்கம்மா நேரம்? சாரு காலேஜ் போற வழில வண்டிய ஆஃப் பண்ணாமலே கேப்பாரு. அலசுன கையோட ஊத்திக் குடுத்துருவேன். நம்ம சாருக்குத்தானே, சும்மா ஓவன் கரண்ட வேஸ்ட் பண்ணாதேன்னு நீங்கதானே சொன்னீங்க."

நான்தான் சொன்னேன். அப்படியானால் ஒவ்வொரு பாட்டிலிலும் கொஞ்சம் மெத்தனால். ஐந்து வருடமும்.

எழுதுகிறேனே தவிர இன்னும் நம்ப முடியவில்லை. அவர் படிப்பைக் கெடுத்தது வேறு யாருமில்லை, நான்.

சொல்லவில்லை. கம்பெனி லேபிள் ஒட்டிய பாட்டிலில் பியா லூஸ் ஊற்றினாள் என்று வெளியே தெரிந்தால், என்னிடம் வாங்குகிற நாற்பது லேபும் சீல் பாட்டிலையே சந்தேகப்படும். எனக்கு முதலில் வந்த நினைப்பு அதுதான். அவர் இரண்டாவதுதான் வந்தார். அதையும் எழுதி வைக்கிறேன்.

மார்ச் 16, ஞாயிறு

கோயிலில் அவர் நற்கருணை வாங்கப் போனார். நான் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்கு வந்ததும் ஒரு தாளை நீட்டினார். பிஎச்.டி. பதிவை ரத்து செய்யச் சொல்லிப் பல்கலைக்கழகத்துக்குக் கடிதம். "இங்கிலீஷ் சரியா இருக்கா பாரு பியா. நாளைக்குக் குடுத்துர்றேன்."

என் இங்கிலீஷை எந்தக் காலத்தில் நம்பினார்?

மார்ச் 17

காலையில் அவர் ஷூ போடும்போது சொல்லிவிட்டேன். ட்ரம், பாட்டில், மெத்தனால், ஓவன் — எல்லாம். ஒரு ஷூவோடு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"ஊர்ல இருக்கறவனுக்கெல்லாம் சீல். எனக்கு லூஸா?"

கத்துவார் என்று காத்திருந்தேன். கத்தியிருக்கலாம். போட்ட ஷூவைக் கழற்றி வைத்தார். பிறகு, "ஒரு பாட்டில்ல எவ்வளவு மெத்தனால் தங்கும்?" என்றார்.

"ஒரு மூடி, ஒன்றரை மூடி."

"மூடின்னா எத்தன மில்லி, பியா?"

கடிதத்தின் பின்பக்கத்தில் கணக்குப் போட ஆரம்பித்தார்.

மார்ச் 19

சீல் பாட்டில் எம்.டி.சி., அதில் அளந்து விட்ட மெத்தனால். ஓஸ்வால்ட் கேட்டுக்கொண்டபடி ஷ்ரேயாஸ் லேபில் செய்து பார்த்தான். ஓஸ்வால்டைத் தொட விடவில்லை, கதவுக்கு வெளியே நின்றிருக்கிறார்.

ஷ்ரேயாஸே போன் செய்தான். "ஆன்ட்டி, எழுபத்தொம்போது. என் கைல."

எண்ணை மறுபடி சொல்லச் சொல்லிக் கேட்டு, பில் புத்தகத்தின் பின்னால் எழுதிக்கொண்டேன்.

மார்ச் 20

எண் பொய்யில்லை; எண்பதைக் கொடுத்தது அந்த மெத்தனால்தான். கட்டுரையில் 'கம்பெனி சீல் பாட்டில்' என்று அவர் எழுதியதுதான் பொய். அதை எழுத வைத்தது நான்.

மார்ச் 24

சிந்தியா மேடத்தை நானே போய்ப் பார்த்தேன். ஓஸ்வால்ட் பக்கத்தில் இருந்தார்.

"நீங்க பிசினஸ் பண்றவங்க. இத நான் எழுத்துல கேப்பேன். வெளிய போகும்."

"போகட்டும் மேடம். எங்க கையெழுத்துப் போடணும்?"

கல்லூரிக்கு என் சப்ளையை ஒரு வருடம் நிறுத்துவேன் என்று அவர் சொன்னதை ஆறு மாதமாக்கப் பார்த்தேன். "இது உங்க கடை இல்லம்மா" என்றார். ஓஸ்வால்டுக்கு உதட்டோரம் ஒரு சிரிப்பு வந்ததைப் பார்த்தேன். பதினைந்து நாளில் முதல் சிரிப்பு, அதுவும் என்னைப் பார்த்து.

பேசி முடித்தது இது. பாட்டில் எப்படிக் கழுவப்பட்டது என்று என் கையெழுத்தில் ஒரு வாக்குமூலம். கட்டுரைக்குத் திருத்தம், அதில் என் கடை பெயரோடு. அதே முறையில் செய்து கட்டுரையில் காட்டிய பதினோரு சேர்மங்களையும் அவர் ஷ்ரேயாஸ் முன்னிலையில் மறுபடி செய்ய வேண்டும். அதற்கு ஒன்பது மாத நீட்டிப்பு. கல்லூரிக்கு என் சப்ளை ஒரு வருடம் நிறுத்தம். ஓஸ்வால்டுக்கு என் கடையிலிருந்து ஒரு சொட்டுகூடப் போகக்கூடாது.

திரும்பும் வழியில் நோயல் கடையில் வண்டியை நிறுத்தச் சொன்னேன். பதினெட்டு வருடமாக என் வாடிக்கையைப் பிடிக்கப் பார்க்கிறவன். ஆயிரத்து எண்ணூற்றைம்பது என்றான். இறங்கவே மாட்டேன் என்றான். இறங்கினான். எம்.டி.சி., இரண்டரை லிட்டர், கம்பெனி சீலோடு, ஆயிரத்து எழுநூறு, வரி தனி. மாதம் நான்கு பாட்டில், பில் ஓஸ்வால்ட் பெயரில்.